வாள் சண்டைக்கு நடுவில் வந்த அழைப்பு

மே மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. இந்தப் படத்தை நான் முழுதாகப் பார்த்து முடித்தது இது எட்டாவது முறை. ஆறு முறை காலேஜ் ஹாஸ்டலில், இரண்டு முறை இந்த வீட்டில், நல்ல டிஸ்கில். இந்த எட்டாவது முறை ரசிக்கப் பார்க்கவில்லை, சோதனை பண்ணப் பார்த்தேன். சோதனை முடிந்துவிட்டது. முடிவு எனக்குச் சாதகமாக இல்லை.

சாமி, இதை நீ படிக்கும்போது உனக்கு இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். இன்றைக்கு உனக்கு நாலரை வயது. நீயும் உன் அம்மாவும் நாமக்கல் பக்கம் உன் மாமன் வீட்டில் இருக்கிறீர்கள். நான் ஆட்டையாம்பட்டியில் தனியாக இருக்கிறேன். அப்பன்கள் மகனுக்குக் கடிதம் எழுதுவதென்றால் மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் எழுதுவார்கள், அல்லது தலை நரைத்த பிறகு எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது, ஒரு நரை கூட இல்லை. ஆனால் அதுவரை பொறுத்திருந்தால் நடந்ததை எனக்கு வசதியாகத் திருத்திவிடுவேன். மூன்றே வாரத்தில் பாதி திருத்தியாகிவிட்டது. அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மத்தியானம், உன் மாமனின் கோழிப்பண்ணையில் ஒரு ஷெட் கோழிகள் வெந்து செத்துப்போயின. அந்த ஷெட்டில் ஏதாவது கோளாறு என்றால் போன் போகவேண்டிய ஒரே எண் என் எண். போன் வந்தது. நான் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் சத்தத்தில் காதில் விழவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். உன் அம்மா மட்டும் என்னை நேராகப் பார்த்து ஒன்று கேட்டாள். "கேட்டுச்சுங்களா, கேக்கலீங்களா?" நான் கேட்கவில்லை என்றேன். அவள் உன் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே, "நல்லா ரோசன பண்ணிப் பாருங்க. பாத்துட்டு எங்கண்ணன் முன்னால வந்து இதையே சொல்லுங்க. சொன்னீங்கன்னா நான் கூட வாரேன்" என்றாள். அதற்கு அவள் கொடுத்த கெடு இன்று சாயங்காலம் முடிகிறது. நீ எந்த வீட்டில் வளரப்போகிறாய் என்பது நான் அங்கே போய் வாயைத் திறப்பதில் இருக்கிறது.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் படித்தது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். மூடின கோழி ஷெட்டுகளுக்கு கன்ட்ரோல் பேனல் போட்டுக் கொடுப்பது பிழைப்பு. பழைய ஷெட்டுகள் திறந்தே இருக்கும், காற்று தானாக வந்து போகும். புது ஷெட் ஒரு நீளப் பெட்டி. ஒரு முனையில் தண்ணீர் ஊறிய அட்டைச் சுவர், மறு முனையில் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன் ஓடுகிற வரைக்கும் வெளியே என்ன வெயில் கொளுத்தினாலும் உள்ளே கோழிக்கு ஏற்காட்டுக் குளிர். ஃபேன் நின்றால் அதே பெட்டி அடுப்பு. கோடை மத்தியானத்தில் அரை மணி நேரம் போதும். கரண்ட் போய் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை என்றால், பேனலுக்குள் இருக்கிற சிம் கார்டு தானாகப் போன் போடும். போன் எடுக்கிறவன் பண்ணையாளைக் கூப்பிட்டு, ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாக்களை அவிழ்த்துவிடச் சொன்னால் போதும். காற்று வந்துவிடும். ஒரு வாக்கியம் பேசுகிற வேலை.

உன் மாமன் எனக்கு எதிரி இல்லை. இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. இந்த வீட்டின் பின்னறையை நான் தியேட்டராக மாற்றியபோது உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் கனத்த கருப்புத் திரைத்துணி கேட்டேன். கடைக்காரர் மண்டபத்துக்கா என்று விசாரித்தார். உன் அம்மா, "இல்லீங்க, எங்கூட்டுக்காரரு பட்டப்பகல்ல இருட்டுக் கட்டறாருங்க" என்றாள். கடையே சிரித்தது. அந்தச் செய்தி உன் மாமனுக்குப் போனது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் நன்றாக இருக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் முட்டை வண்டியில் புது அட்டையாகக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. நான் டிரைவர் முன்னாலேயே, இதெல்லாம் சத்தத்தைத் தடுக்காது, சும்மா நம்புகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது டெக்னிக்கலாகச் சரி. ஆனால் ஒரு மனிதர் ஆசையாக அனுப்பியதை வாசலிலேயே வைத்துச் சரி தப்பு பார்த்தேன். உன் அம்மா முழு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து அத்தனையையும் ஒட்டினாள். நீயும் பசை தடவினாய்.

அவர் மேல் எனக்கு வன்மம் வந்தது உன் காதுகுத்தின்போது. குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்து உன்னைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்து உன் இடது காதைப் பிடிக்கிறார், அப்போது உன் மாமனின் சட்டைப் பையில் போன் அலறியது. நீ துள்ளிவிட்டாய். உன் இடது காது ஓட்டை கொஞ்சம் தள்ளி இருப்பதற்கு அதுதான் காரணம். போன் போட்டது அவருடைய ஷெட் பேனல். அப்போது அவர் எண் முதலாவது, என் எண் இரண்டாவது. எலி ஒரு சென்சார் வயரைக் கடித்து வைத்திருந்தது, கோழிக்கு ஒன்றுமில்லை. அந்த மாதத்தில் இப்படிச் சும்மா அடிப்பது நான்கைந்து தடவை ஆகியிருந்தது. அவர் எரிச்சலில் போனை என் பக்கம் நீட்டி, "இந்தாங்க மாப்ள, உங்க மிசினு அழுவுது. போய்த் தாலாட்டிட்டு வாங்க" என்றார். சுற்றி இருந்த சொந்தம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு வந்ததும் அவருக்கு இன்னும் ஒன்று சொல்லத் தோன்றியது. "பொண்ணக் குடுத்தோம், எலக்ட்ரிசியன் இனாமாக் கெடச்சாப்ல."

அவ்வளவுதான். ஊரில் மச்சான் மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணாத காதுகுத்து எங்கே இருக்கிறது? நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். உன் மாமன் கிண்டலுக்குக் கிண்டல் வாங்கிக்கொள்கிற ஆள். நான் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. பந்தியில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை போட்டு, "என்ற நெம்பர அதுல இருந்து எடுத்துருங்க மாப்ள. கோழி தும்முனாக்கூட எனக்குப் போன் வருது. நீங்களே பாத்துக்கங்க" என்றார். இலை போட்டுப் பாயசம் வருவதற்குள் போனிலேயே எடுத்துவிட்டேன். ஒரு பேனலில் ஒரே ஒரு எண்ணை மட்டும் வைத்து விடக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற விஷயம். வேறு பண்ணைக்காரர் கேட்டிருந்தால் முடியவே முடியாது என்று சண்டை பிடித்திருப்பேன், இல்லையென்றால் பண்ணையாளின் எண்ணையாவது போட்டிருப்பேன். இங்கே, நீதானே கேட்டாய், அனுபவி என்று விட்டுவிட்டேன். கோளாறு வந்தால் என் கையை எதிர்பார்த்துத்தானே நிற்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. அந்த எண்ணை என் போனில் 'மச்சான் மிசின்' என்று பதிந்துகொண்டேன்.

இது நம் குடும்பத்துக் குணம் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆதாரம் இருக்கிறது. உன் அப்பாரு, அதாவது என் அப்பா, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் ஒரு பங்குதாரரோடு இருந்தார். ஏதோ ஒரு வார்த்தையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. பட்டறையைப் பிரிக்கவும் முடியவில்லை, வாய் திறக்கவும் மனசில்லை. ஒரே லாரிக்கு முன்பக்கம் அப்பா வேலை பார்ப்பார், பின்பக்கம் அவர். அளவு கேட்க வேண்டுமென்றால் வெல்டரிடம், "அங்க இருக்கறவர கேளு" என்பார். கடைசியில் பின் கதவு சாத்தவில்லை. லாரிக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது ஒரு வண்டியா, ரெண்டு வண்டியா?" என்று கேட்டாராம். கல்யாணம் ஆன புதிதில் இந்தக் கதையைச் சொல்லி உன் அம்மாவைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை என்று பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அடிக்கமாட்டோம், உண்மைதான். கூப்பிட்டால் பதில் கொடுக்கமாட்டோம்.

இனி படம். உனக்கு அது எந்தப் படம் என்று தெரிய வேண்டாம், தேடிப் பார்க்கவும் வேண்டாம். ஒரு உப்பளக்காரரின் மகள். ஏழு பேர் சேர்ந்து அவள் அப்பாவைக் கொன்று உப்புக்குள் புதைத்துவிடுகிறார்கள். அவள் மலை ஏறி, பட்டினி கிடந்து, வாள் பழகி, வருஷக்கணக்காகக் காத்திருந்து ஒவ்வொருவனாக முடிக்கிறாள். ரத்தம் கூட ரத்தம் மாதிரி வராது, கோலப்பொடியை ஊதிவிட்டது போல வரும். ஹாஸ்டலில் ஒரு லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்போம். யாரோ திருட்டுத்தனமாக எடுத்து, அதைச் சுருக்கி, தமிழில் டப்பிங் பண்ணிய காப்பி. படம் முழுக்க ஒரே பழுப்பு நிறம், இருட்டில் யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியாது. ஏழாவது ஆளோடு கடைசிச் சண்டையில் டப்பிங்காரர்கள் தவிலும் பம்பையும் போட்டு நிரப்பியிருந்தார்கள். அதற்கு மேல், "டேய் உப்பு மூட்ட, எங்கப்பனுக்குப் பதில் சொல்றா" என்று கதாநாயகி கத்துவாள். பத்துப் பேரும் சேர்ந்து கத்துவோம். வார்டன் வந்து கதவைத் தட்டுவார். நான் அந்தப் படத்தை நேசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நேசித்தேன்.

வெளிநாட்டில் இருக்கிற அதே ஹாஸ்டல் நண்பன் போன மாதம் அதன் 4கே டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தான். அசல் பிரதியிலிருந்து புதிதாகத் துடைத்து எடுத்தது, அசல் மொழி, அசல் ஒலி. அந்தச் சனிக்கிழமை உன் அம்மா ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள், உன்னை என்னிடம் விட்டிருந்தாள். நான் அறையை இருட்டாக்கிப் படத்தைப் போட்டேன். நீ தரையில் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். நாலரை வயதுப் பையன் பார்க்கிற படமா அது? அந்த யோசனை கூட எனக்கு வரவில்லை. என்ன படம் அது, சாமி! உப்பின் ஒவ்வொரு பரலும் தனித்தனியாகத் தெரிந்தது. கருப்பு என்றால் அப்படியொரு கருப்பு. நாங்கள் ஹாஸ்டலில் ஏழு அடியாட்கள் என்று எண்ணிய கூட்டத்தில் ஒரே ஸ்டன்ட்காரர் மூன்று வேஷத்தில் மூன்று தடவை சாகிறார் என்பதைக் கூட அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். மூன்றாவது தடவை அவர் முகத்தில் அலுப்பு. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் பண்ணையில் ஜேசிபி குழி தோண்டிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நாற்றம் ஆரம்பித்திருந்தது. கரண்ட் போயிருக்கிறது, ஜெனரேட்டர் பேட்டரி செத்திருக்கிறது, பண்ணையாள் தோட்டத்து அந்தக் கோடியில் தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் திரும்பி வந்து படுதாவை அவிழ்ப்பதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. உன் மாமன் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்து, சத்தத்தில் கேட்கவில்லை மச்சான் என்று ஆரம்பித்ததுமே கையை ஆட்டி நிறுத்திவிட்டார். "உடுங்க மாப்ள. நீங்க என்ன பண்ணுவீங்க? நாந்தான என்ற நெம்பர எடுக்கச் சொன்னேன். கோயில்ல வெச்சு உங்களயும் ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். கொழுப்பெடுத்த வாயி." இதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். அவருக்கு ஆறுதல் சொல்லித் தட்டிக்கொடுத்தேன். மூன்று வாரமாக அவர் அதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், தன் வாய்தான் கெடுத்தது என்று. மிச்சக் கோழிகளை விற்றுவிட்டார். இனித் தனக்கு இந்தத் தொழில் வேண்டாம், தனக்கு அதற்கான புத்தி இல்லை என்கிறாராம். நான் செய்ததற்கு அவர் தண்டனை அனுபவிக்கிறார், நான் பக்கத்தில் நின்று சமாதானம் சொல்கிறேன்.

நேற்று சாயங்காலம் உன்னோடு போனில் பேசினேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் கேட்பதற்கு முன்பே நீ கேட்டுவிட்டாய். "அப்பா, மாமா பண்ணைல கோழியே இல்லீப்பா. செவப்பு அக்கா வந்தப்ப மிசினு அடிச்சுதுல்ல, அது சும்மாத்தான் அடிச்சுதா?" பின்னால் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டு நின்றது. உன் அம்மா பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். போனை வாங்கி, "நாளைக்கு வாரீங்கல்ல?" என்றாள். குரலில் கோபமே இல்லை. வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ அவளிடம் இதை எப்போது சொன்னாய், ஊருக்குக் கிளம்பும் முன்பேவா, அங்கே போயா என்று எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே பதில் தெரிந்துதான் கேட்டாளோ என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் எனக்குத் தப்பிக்க ஒரு சந்து தெரிந்தது. அந்த மிசின் சும்மா அடித்த நாட்கள் எவ்வளவோ. ஒவ்வொரு தடவையும் நீ போன் என்று சொல்வாய், நான் சும்மா அடிக்கிறது என்பேன். நீ வேறு எந்த நாளையோ இந்த நாளோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம். சிவப்பு அக்கா என்பதும் ஒரு ஆதாரமா? அந்தக் கதாநாயகி படம் முழுக்கச் சிவப்பில்தானே வருகிறாள், டிஸ்க் அட்டையிலேயே சிவப்புதானே. படம் ஓடும்போது குதிரைகள் பாய்கிற இடம் இருக்கிறது, மூங்கில் காடு பற்றி எரிகிற இடம் இருக்கிறது. அந்த இடங்களில் போன் வந்திருந்தால் எந்தக் காதிலும் விழாது. அதைச் சோதித்துவிடலாம் என்று இன்று விடிந்ததும் அதே இருட்டைக் கட்டி, அதே அளவு சத்தம் வைத்து, போனை அன்று சார்ஜ் போட்டிருந்த அதே இடத்தில், ஆம்ப்ளிஃபயர் மேலேயே வைத்தேன். இன்னொரு போனிலிருந்து அவ்வப்போது அழைத்துப் பார்த்தேன். குதிரைகள் ஓடியபோது கேட்கவில்லை. காடு எரிந்தபோது கேட்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீ என்னை வெறுத்துவிடுவாய். உன் அம்மாவிடம் போய் நிமிர்ந்து நின்று பேசுவதாக மனதுக்குள் ஒத்திகையே ஓடியது.

ஆனால் அவள் சிவப்பில் வரவேயில்லை. ஹாஸ்டல் காப்பியில் எல்லாமே பழுப்பாக இருந்ததால் எனக்கு அது பதியவில்லை, அன்று பார்த்தபோதும் கவனிக்கவில்லை. படம் முழுக்க அவள் சாம்பல் உடையில்தான் வருகிறாள். சாம்பலில் மலை ஏறுகிறாள், சாம்பலில் ஆறு பேரைக் கொல்கிறாள். கடைசியில் அந்த உப்பு வெளிக்குத் திரும்பும்போது மட்டும், வெள்ளைக்கு நடுவே, முதல் தடவையாகச் சிவப்பு உடுத்தி நிற்கிறாள். ஏழாவது ஆள் எதிரே நிற்கிறான். தவில் இல்லை, பம்பை இல்லை. அந்த இடத்தில் படமெடுத்தவர் ஒலியையே எடுத்துவிட்டிருக்கிறார். காற்று கூட இல்லை. அவர்கள் வாளை உருவுகிற வரைக்கும் ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. மட்டமான காப்பியில் இருக்கிற இரைச்சல் கூட நல்ல டிஸ்கில் கிடையாது. தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தது எனக்குக் கேட்டது.

என் கால்கள் தாமாக எழுந்தன. ஸ்பீக்கர் வயர் கழன்றுவிட்டதோ என்று பார்க்க. எழுந்த பிறகுதான் நினைவு வந்தது, அன்றைக்கும் இதே இடத்தில் இதே காரணத்துக்காக எழுந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போய் நின்றேன். அப்போதுதான் போன் அடித்தது. கண்ணுக்கு நேராக, கைக்கு எட்டுகிற தூரத்தில். 'மச்சான் மிசின்' என்று பெயர் வந்தது. நீ தரையிலிருந்து, "அப்பா, போனு" என்றாய். அழட்டும் என்று நினைத்தேன். அந்த வார்த்தையேதான். சும்மா அடிக்குது சாமி என்று உனக்குச் சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி வாயடைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். சும்மாதான் அடித்திருக்கும் என்று நான் நம்பியிருந்தேனா? பாதி. நிஜமாக இருந்தாலும் ஒரு தடவை பதறட்டும் என்பது மீதி. அந்த மீதியை இல்லை என்று சொல்லத்தான் மூன்று வாரமாகப் பாடுபடுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும். பழி வாங்குவது கஷ்டமான காரியம் என்று இந்த மாதிரிப் படங்கள் நம்மை நம்பவைக்கின்றன. மலை ஏற வேண்டும், பட்டினி கிடக்க வேண்டும், எத்தனையோ வருஷம் நெஞ்சுக்குள் நெருப்பை வைத்திருக்க வேண்டும். அதனால் நாமெல்லாம் பழிவாங்குகிற ஜாதி இல்லை என்று நிம்மதியாக இருக்கிறோம். எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. கோபம் கூட வரவில்லை, மூச்சு கூட வாங்கவில்லை. அதன் பிறகு நான் படத்தை ரசித்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை. சிவப்பு உப்பில் விழுகிற இடத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, இரண்டு தடவை பார்த்தேன். அங்கே ஃபேன் நின்றிருந்த நேரம் அதுதான். உனக்கு யார் மேலாவது ஆத்திரம் வந்தால் கத்து. வாசலில் போய் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சண்டை போடு, வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை. உன்னைக் கூப்பிடுகிறவன் எவ்வளவு மட்டமான ஆளாக இருந்தாலும் என்ன என்று கேட்டுவிடு. இதைப் படித்து நீ திருந்துவாய் என்றெல்லாம் நான் நம்பவில்லை. என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். சிரித்ததால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, அப்படியே அவராகத்தான் ஆனேன்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. செத்த கோழிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. உன் மாமன் திரும்பத் தொழிலுக்கு வருவாரா, தெரியாது. பொய் சொன்னால் உன் அம்மா என்னோடு வந்துவிடுவாள், சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை அவள். வந்து, இந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, தெரியும் என்பதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாமல் கடைசி வரைக்கும் இருப்பாள். எங்கள் வீட்டு வழக்கத்தை அவளுக்கும் நான் பழக்கிவிட்டதாக ஆகும். உண்மையைச் சொன்னால் அநேகமாக வரமாட்டாள். இந்த இரண்டில் எதை எடுத்தாலும் எனக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. உன் மாமன் ஒருவருக்கு மட்டும்தான் வித்தியாசம்.

செய்யப்போவதை எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் போகிற வழியில் மாற்றிவிடுவேன்.

1. பஸ்ஸில் போவேன். பைக்கில் போனால் பாதி வழியில் திரும்பிவிட முடியும்.

2. உட்காரச் சொன்னாலும் உட்காராமல், தண்ணீர் கொடுத்தாலும் குடிக்காமல், முதலில் சொல்லி முடிப்பேன். போன் அடித்தது கேட்டது, பெயரைப் பார்த்தேன், கவிழ்த்து வைத்தேன். காதுகுத்தன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

3. உங்கள் எண்ணை எடுத்ததால் இது நடக்கவில்லை மச்சான், உங்கள் வாயால் நடக்கவில்லை என்று அவரிடம் தனியாக இல்லாமல் எல்லோர் முன்னாலும் சொல்வேன். அவர் அடித்தால் நிற்பேன். பேசாமல் எழுந்து போனாலும் நிற்பேன்.

4. உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுப்பேன். உனக்கு எப்போது காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். வருகிறாயா என்று அவளைக் கேட்கமாட்டேன்.

5. உன்னைக் கூப்பிட்டு, அந்த மிசின் சும்மா அடிக்கவில்லை, நீ சொன்னது சரி, அப்பா சொன்னது பொய் என்பேன். அப்புறம் ஏன் எடுக்கவில்லை என்று நீ கேட்பாய். நான் இங்கே இவ்வளவு எழுதியதில் எதையும் நாலரை வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் கடைசி பஸ் போகிற வரைக்கும் அங்கேயே இருப்பேன், நீ எத்தனை தடவை கேட்டாலும்.